ரெண்டு வெல்டுக்கு நடுவில 35 மில்லி போதாதோ? ஸ்டீம் லைனை வெட்டச் சொல்லுறாங்கள்

கோண்டாவில்_பைப்பர்:

வணக்கம், பைப்பிங் வேலை தெரிஞ்ச அண்ணைமார் ஆரும் இருந்தா ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன வேர்க்‌ஷொப்பில நிக்கிறன், கேற், கூரை, தண்ணித் தாங்கி ஸ்ராண்ட் எண்டுதான் எங்கட வழமையான வேலை, இப்ப ஒரு தொழிற்சாலைக்கு பொயிலரில இருந்து ஸ்டீம் லைன் இழுத்துக் குடுக்கிற வேலை கிடைச்சிருக்கு. 4 இஞ்சி ஸ்கெடியூல் 40 (தடிப்பு வகை), ஏ106 கிறேட் பி காபன் ஸ்டீல் பைப், றூட், அதாவது ஆக அடியில போற வெல்ட், ரிக்கில அடிச்சு மேல 7018 கூரால. ஸ்டீம் 10 பார்.

பிரச்சினை என்னெண்டா பொயிலருக்கு கொங்கிறீற் பெட் போட்ட ஆக்கள் வரைபடத்தில கிடந்த இடத்தில போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டினம், எங்கட ஸ்பூல் (முன்னமே அடிச்சு வைக்கிற பைப் துண்டுகள்) எல்லாம் வேர்க்‌ஷொப்பில அடிச்சு முடிஞ்சுது, சைற்றுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடிச்சா எல்போவுக்கும் நேர்ப் பைப்புக்கும் நடுவில வெளி கிடக்கு. பைப்பை இழுத்துப் பிடிச்சு அடிக்க மனம் வரேல்ல, அதால ஒரு துண்டு வெட்டி நடுவில வைச்சு ரெண்டு பக்கமும் அடிச்சம். எக்ஸ்றேயும் எடுத்தாச்சு, ரெண்டு வெல்டும் கிளியர்.

இப்ப கொழும்பில இருந்து கன்சல்ரன்ற்றின்ர ஆள் ஒருத்தர் வந்து ரேப்பைப் பிடிச்சுப் பாத்திட்டு ரெண்டு வெல்டும் கிட்டக் கிடக்கு, பைப்பின்ர விட்டத்தளவு தூரம் இருக்க வேணும், வெட்டுங்கோ எண்டிட்டுப் போட்டார். எந்தக் கோட்டில, அதாவது எந்த விதிப்புத்தகத்தில, கிடக்கு எண்டு கேட்டனான், "எல்லாக் கோட்டிலயும் கிடக்கு" எண்டார். நான் தொழிற்சாலைப் பைப்பிங்குக்கான பி31.3 கோட்டை எடுத்து ரா முழுக்கத் தேடிப் பாத்தன், அப்பிடி ஒரு வரி என்ர கண்ணில படேல்ல. எங்கட வேர்க்‌ஷொப்பில நிக்கிற அண்ணை சொல்லுறார் வெல்ட் கிட்டக் கிட்ட வந்தா ஹீட் அபெக்ரட் சோன் (வெல்ட் சூட்டால குணம் மாறின பக்கத்து இரும்பு) ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி பைப் வெடிக்கும் எண்டு. உண்மையோ? 35 மில்லி காணாதோ? வெட்டத்தான் வேணுமோ?


கட்டார்_கியூசி:

தம்பி முதல் ஒரு கேள்வி, உந்த 35 மில்லி எங்கயிருந்து எங்க அளந்தது? வெல்டின்ர நடுவில இருந்து நடுவுக்கோ, இல்லாட்டி ஒரு கப்பின்ர (வெல்டின்ர மேல் படையின்ர) விளிம்பில இருந்து மற்றக் கப்பின்ர விளிம்புக்கோ? 6 மில்லித் தடிப்புப் பைப்பில கப் 11, 12 மில்லி அகலம் வரும், நடுவுக்கு நடு 35 எண்டா விளிம்புக்கு விளிம்பு 23, 24 தான் மிஞ்சும். ஏன் கேக்கிறன் எண்டது கீழ விளங்கும்.

நீங்கள் கண்ணைக் கசக்கத் தேவையில்லை, பி31.3 இல அப்பிடி ஒரு வரி இல்லைத்தான். சுத்துவட்ட பட் வெல்ட் (பைப் வாயும் வாயும் முட்டவைச்சுச் சுத்தி அடிக்கிறது) ரெண்டுக்கு நடுவில குறைஞ்சது இவ்வளவு விடு எண்டு ஏஎஸ்எம்ஈ பி31.3 ஒரு இலக்கமும் சொல்லேல்ல. நான் இஞ்ச தோஹாவில கியூசி (தரச் சோதனை) செய்யிறன், இதே வாக்குவாதம் ஒவ்வொரு புறொஜெக்ரிலயும் வரும், ஒவ்வொரு இன்ஸ்பெக்ரரும் தான் முந்தி வேலை செய்த கொம்பனியின்ர ஸ்பெக்கை (சொந்த வேலை விதியை) மனசில வைச்சுக்கொண்டு அதைக் கோட் எண்டு சொல்லுவார். ஒருத்தர் ஒரு விட்டம் எண்டுவார், ஒருத்தர் 50 மில்லி எண்டுவார், இன்னொருத்தர் 100 எண்டுவார். ஒருத்தரும் பொய் சொல்லேல்ல, அவையின்ர பழைய கொம்பனியில அப்பிடித்தான் இருந்திருக்கும்.

எழுத்தில இலக்கத்தோட கிடக்கிறது எண்டா பிரிட்டிஷ் ஸ்ராண்டர்ட் பிஎஸ் 2633, அதில பக்கத்துப் பக்கத்து பட் வெல்டுகளின்ர விளிம்புகள் பைப்பின்ர தடிப்பைப்போல நாலு மடங்குக்குக் கிட்ட வரக்கூடாது எண்டு கிடக்கு. உங்கட தடிப்பு 6.02, நாலால பெருக்கினா 24 மில்லி. விளிம்புக்கு விளிம்பு 35 எண்டா தாராளமாப் பாஸ், நடுவுக்கு நடு 35 எண்டா எல்லைக்கோட்டில நிக்கிறீங்கள். அதுக்காகத்தான் கேட்டனான்.

ஆனா ஒண்டு, கோட்டில இல்லை எண்டதால நீங்கள் வெண்டதா நினைக்க வேண்டாம். கோட் எண்டிறது ஆகக் குறைஞ்ச எல்லை, அதுக்கு மேல என்ன கேக்கிறதெண்டாலும் ஓனர் கேக்கலாம். உங்கட கொன்றாக்ட் பேப்பருக்குப் பின்னால பைப்பிங் ஸ்பெக் எண்டு ஏதும் குத்திக் கிடக்கோ எண்டு போய்ப் பாருங்கோ. அதில ஒரு விட்டம் எண்டு இருந்தா கதை முடிஞ்சுது. இல்லையெண்டா வெட்டச் சொன்னவரிட்ட எந்த டொக்கியூமென்ற், எத்தினையாம் பந்தி எண்டு எழுத்தில கேளுங்கோ. வாயால கேக்காதேங்கோ.


அறிவியல்நகர்_மெக்:

மேல அண்ணை சொன்னதோட நானும் ஒத்துப்போறன், ஹீட் அபெக்ரட் சோன் கதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லுறன் ஏனெண்டா இதை நிறையப் பேர் பிழையா விளங்கி வைச்சிருக்கினம்.

6 மில்லிப் பைப்பில கையால அடிக்கிற வெல்டுக்கு ஹீட் அபெக்ரட் சோன் ஒரு பக்கத்துக்கு ஒரு சில மில்லிதான். காபன் ஸ்டீலின்ர உள்ளமைப்பு மாறத் தொடங்கிறதே கிட்டத்தட்ட 720 டிகிறியில, ரெண்டாவது வெல்ட் அடிக்கேக்க 35 மில்லி தள்ளி நிக்கிற முதல் வெல்டடியில அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகாது. ரெம்பறேச்சர் சோக்கால (குறிச்ச சூட்டில உருகிற சோக்) கீறிப் பாத்தா உங்களுக்கே தெரியும். அதோட ஒரு வெல்டுக்குள்ளயே ரெண்டாவது பாஸ் (படை) அடிக்கேக்க முதல் பாஸின்ர ஹீட் அபெக்ரட் சோனுக்கு மேலதான அடிக்கிறம், ஏறினவுடன வெடிக்கும் எண்டா உலகத்தில ஒரு மல்ரிபாஸ் வெல்டும் மிஞ்சாது.

உண்மையான விசயம் எஞ்சி நிக்கிற இழுவிசை, றெசிடுவல் ஸ்ட்ரெஸ் எண்டிறது. வெல்ட் ஆறேக்க சுருங்கி பைப்பை இடுப்பில கயிறு கட்டினமாதிரி உள்ளுக்கு இழுக்கும், அந்த வளைவு வெல்டில இருந்து கொஞ்சத் தூரம் போய்த்தான் அடங்கும். அந்தத் தூரம் ஆரத்தையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வாற அளவோட சேந்து போகும். பி31.3 இலயே இதின்ர நிழல் ஒண்டு கிடக்கு, மைற்றர் பெண்ட் (பைப்பைச் சரிவா வெட்டி ஒட்டுற வளைவு) வெட்டேக்க கடைசி மைற்றர் வெல்டுக்கு அங்கால எவ்வளவு நேர்ப் பைப் விட வேணும் எண்டதுக்கு வாற ரெண்டு கணக்கில ஒண்டு 2.5 தர அந்த வர்க்கமூலம்தான். உங்கட பைப்புக்கு சராசரி ஆரம் 54, தடிப்பு 6, வர்க்கமூலம் 18, 2.5 ஆல பெருக்க 45 மில்லி. அப்ப 35 மில்லியில ரெண்டு வெல்டின்ர இழுவையும் ஒண்டை ஒண்டு கொஞ்சம் தொடும் எண்டு சொல்லலாம். ஆனா அது மைற்றருக்குச் சொன்ன கணக்கு, அங்க பைப்பே உடைஞ்சு திரும்புது, உங்கட நேர் வெல்டுக்கு அதை சட்டமாக் காட்டி ஒருத்தரும் வெட்டச் சொல்ல ஏலாது.

10 பார் நிரம்பல் ஸ்டீம் எண்டா 184 டிகிறி. காபன் ஸ்டீலுக்கு அது ஒரு சூடே இல்லை. இந்த லைனுக்கு 35 மில்லியால ஆபத்து வரும் எண்டு நான் நம்பேல்ல.


சுன்னாகம்_பொறுமை:

அப்ப 5 மடங்கு எண்டு ஒரு கணக்கு இருக்கே, தடிப்பைப்போல 5 மடங்கு விடவேணும் எண்டு நான் ஒரு கோர்ஸில படிச்சனான், அது என்ன?


கட்டார்_கியூசி:

அது பைப்புக்கு இல்லை, பிறஷர் வெஸலுக்கு. ஏஎஸ்எம்ஈ செக்சன் 8 இல, வெஸலின்ர ஒரு வளையத்தின்ர நீட்டு வெல்டும் பக்கத்து வளையத்தின்ர நீட்டு வெல்டும் ஒரே நேருக்கு வரக்கூடாது, தடிச்ச பிளேற்றின்ர தடிப்பைப்போல 5 மடங்கு தள்ளி நிக்கோணும் எண்டு கிடக்கு. அதையும் தப்பலாம், சந்திக்கிற இடத்தில ரெண்டு பக்கமும் 100 மில்லி எக்ஸ்றே எடுத்தா விடுவினம். சுத்துவட்ட வெல்ட் ரெண்டுக்கு நடுவில உள்ள தூரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிறைய இன்ஸ்பெக்ரர்மார் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பினம்.

பைப்பிலயும் நீட்டு வெல்ட் விசயம் வரும், ஈஆர்டபிள்யூ (தகட்டைச் சுருட்டி நீட்டுக்கு வெல்ட் பண்ணின) பைப் எண்டா. தம்பி ஏ106 எண்டு சொல்லுறார், ஏ106 சீம்லெஸ் (நீட்டு வெல்ட் இல்லாதது) மட்டும்தான், அதால அவருக்கு உந்தத் தலையிடி இல்லை. ஆனா போட்ட துண்டு எதில வெட்டினது? வேர்க்‌ஷொப் மூலையில கிடந்த ஏ53 ஈஆர்டபிள்யூ துண்டில வெட்டிப் போட்டிருந்தா அது வேற கதை, பி31.3 இல ஈஆர்டபிள்யூவுக்கு ஜொயின்ற் பக்ரர் (நீட்டு வெல்டின்ர பலத்துக்குப் போடுற எண்) 0.85, சீம்லெஸுக்கு 1. ஹீற் நம்பர் (பைப் எந்த வார்ப்பில வந்தது எண்ட இலக்கம்) கேப்பாங்கள், இருக்குத்தான?


பழைய_பிற்றர்:

நான் கணக்குப் படிச்சவன் இல்லை, எல்போவும் பைப்பும் தூக்கிப் பிடிச்சவன். படிச்ச பெடியள் எல்லாரும் உலோகத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள், பிற்றப்பைப் (வெல்டுக்கு முதல் பொருத்திறதைப்) பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

சின்னத் துண்டு போட்டா வாற உண்மையான கரைச்சல் இதுகள்தான். வெல்ட் விளிம்புக்கு விளிம்பு 35 எண்டா துண்டு 45 மில்லிக்குக் கிட்டத்தான், அதுக்கு என்ன கிளாம்ப் பூட்டுவாய்? சங்கிலி கிளாம்ப் இருக்க இடமில்லை. லெவல் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் அடிச்சு முடிய துண்டு ஒரு பக்கம் இழுபட்டு வாய் கோணிப் போகும், பிறகு மற்றப் பக்கம் பைப்போட சேர்க்கேக்க ஹை-லோ வரும், உள்ளுக்க றூட் ஒரு பக்கம் படியாக் கிடக்கும். துண்டு சின்னன் எண்டதால சூடு ஓட இடமில்லை, றூட் கேப் (வாய் இடைவெளி) தன்ரபாட்டில மூடும், வெல்டர் பெடியன் பிறகு றூட் போகேல்ல எண்டு நிப்பான். இதுகள் ஒண்டும் இல்லாமல் எக்ஸ்றே கிளியரா வந்திருக்கெண்டா அடிச்சவன் கைகாரன், அவனுக்கு ஒரு நெக்ரோ சோடா வாங்கிக் குடுங்கோ.

இழுத்துப் பிடிச்சு அடிக்காமல் துண்டு போட்டது நல்ல வேலை. இழுத்து அடிச்சிருந்தா இண்டைக்கு ஒருத்தரும் ரேப் பிடிச்சிருக்க மாட்டினம், ஆனா அந்த இழுவை முழுக்க பொயிலரின்ர நொஸிலில போய் நிண்டிருக்கும். கோட்டிலயும் அப்பிடிப் பைப்பை வளைச்சு நெளிச்சுச் சேர்க்கக்கூடாது எண்டுதான் கிடக்கு. உதை ஒருத்தரும் அளக்கிறேல்ல, 35 மில்லியை மட்டும் ஓடி வந்து அளப்பினம்.


குருநகர்_ஐஸ்:

இதுக்குள்ள நானும் ஒண்டு கேக்கிறன், எங்கட ஐஸ் தொழிற்சாலையில அமோனியா லைன் கொஞ்சம் மாத்த வேண்டிக் கிடக்கு, பழைய லைனில உப்புக்காத்துப் பிடிச்சு துண்டு துண்டா வெட்டிப் போட்டு இப்ப வெல்டுக்கு மேல வெல்டாத்தான் கிடக்கு. அமோனியாவுக்கும் இதே நாலு மடங்குக் கணக்குத்தானோ?


அறிவியல்நகர்_மெக்:

அண்ணை, அமோனியா எண்டா கொஞ்சம் கவனமா இருங்கோ. நீர் இல்லாத அமோனியா காபன் ஸ்டீலை ஸ்ட்ரெஸ் கொறோசன் முறையில வெடிக்க வைக்கும், அதுக்குத் தேவையானது வெல்டில எஞ்சி நிக்கிற இழுவிசையும் ஒட்சிசன் கலந்த அமோனியாவும். குளிர்ப் பக்கத்து லைனுகளை விட ஹை பிறஷர் பக்கத்து றிசீவர், தாங்கிகளிலதான் கூடப் பயப்பிட வேணும். 0.2 வீதம் தண்ணி கலந்தா அந்த வெடிப்பு அடங்கும் எண்டது பெரிய சேமிப்புத் தாங்கிகளில வழமையாச் செய்யிற வேலை. ஆனபடியா அங்க வெல்டுக்கு மேல வெல்ட் எண்டிறது ஸ்டீம் லைனைவிட யோசிக்க வேண்டிய விசயம். துண்டு துண்டாப் போட்ட பகுதியை முழு நீளத்துக்கும் வெட்டி எறிஞ்சிட்டு ஒரே பைப்பாப் போடுங்கோ, துண்டுக்குத் துண்டு போட்டு இன்னும் இழுக்க வேண்டாம். லைனில அமோனியா ஒரு சொட்டும் இல்லை எண்டு உறுதிப்படுத்தாமல் கிறைண்டர் வைக்கக்கூடாது எண்டதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.


கட்டார்_கியூசி:

சூடு ஓட இடமில்லை எண்டு பிற்றர் அண்ணை சொன்னதுக்கு மேல ஒரு வரி. காபன் ஸ்டீலில அது கையாளக்கூடிய விசயம். ஆனா டுப்ளெக்ஸ் (ஒரு வகை துருப்பிடியா ஸ்டீல்) எண்டா சின்னத் துண்டு பெரிய தலையிடி, பாஸுக்குப் பாஸ் நடுவில சூடு வழமையா 150 டிகிறிக்கு மேல போக விடமாட்டினம், சூப்பர் டுப்ளெக்ஸுக்கு இன்னும் குறைய. துண்டு சின்னன் எண்டா ஆறும்வரைக்கும் ரீ குடிச்சுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஏன் சொல்லுறன் எண்டா இப்ப தாளையடியில நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிதண்ணி தாற கடல்தண்ணி பிளான்ற் 2024 இல திறந்திருக்கு, கடல்தண்ணியில உப்பை எடுக்கிற ஆர்ஓ பிளான்றுகளில ஹை பிறஷர் பக்கம் வழமையா உந்த வகை ஸ்டீல்தான், எங்கட பெடியளுக்கு இனி அந்தப் பக்கமும் வேலை வரலாம். கேற் அடிக்கிற பழக்கத்தில போய் நிக்கக்கூடாது.

அடுத்தது சோதிக்கிற வசதி. எக்ஸ்றே எண்டா 35 மில்லி ஒரு பிரச்சினை இல்லை. ஆனா நாளைக்கு அல்ட்ராசொனிக்கால பாக்கச் சொன்னா, 70 டிகிறி புறோப் வைச்சு 6 மில்லித் தடிப்பில ஒரு முழு ஸ்கிப் (ஒலி அடியில பட்டுத் திரும்பி மேல வாற தூரம்) போக 33 மில்லி வேணும், புறோப்பின்ர உடம்பு அதுக்குப் பின்னால. அப்ப புறோப்பின்ர குண்டி மற்ற வெல்டின்ர கப்பில ஏறி நிக்கும், அந்தப் பக்கத்தால வடிவா ஸ்கான் பண்ண ஏலாது. மற்றப் பக்கம் எல்போ, வளைவில புறோப் ஆடும். ஒரு விட்டம் விடு எண்டு கொம்பனிகள் எழுதி வைச்சதுக்கு உதுவும் ஒரு காரணம், பைப் வெடிக்கும் எண்ட பயத்தில மட்டும் எழுதினதில்லை.


கோண்டாவில்_பைப்பர்:

எல்லாருக்கும் பெரிய உபகாரம். அளந்தது கப்பின்ர விளிம்புக்கு விளிம்புதான், 35 மில்லி சரி. துண்டும் அதே பைப்பில வெட்டினது, ஹீற் நம்பர் மேல பெயின்ற் மார்க்கரால எழுதிக் கிடக்கு, போட்டோவும் இருக்கு.

கட்டார் அண்ணை சொன்னபடி கொன்றாக்ட் கட்டை எடுத்துப் புரட்டினன். முன்னுக்கு பி31.3 எண்டு ஒரு வரிதான், ஆனா கடைசியில ஒரு பொதுப் பைப்பிங் ஸ்பெக் குத்திக் கிடக்கு, அதை எங்கட முதலாளியும் வாசிக்கேல்ல நானும் வாசிக்கேல்ல. அதில சுத்துவட்ட வெல்டுகளுக்கு நடுவில குறைஞ்சது ஒரு வெளிவிட்டம், அதுக்குக் குறைய எண்டா ஓனரின்ர எழுத்து அனுமதி வேணும் எண்டு கிடக்கு. 4 இஞ்சிக்கு 114 மில்லி. அப்ப வந்தவர் சொன்னது சரி, எந்தப் பேப்பரில கிடக்கு எண்டு மட்டும் அவருக்கும் தெரியேல்ல போல.

அனுமதி கேட்டு எக்ஸ்றே றிப்போட்டோட எழுதிப் போட்டம். ஓனரின்ர எஞ்சினியர் வெளிநாட்டில, பதில் எப்ப வரும் எண்டு தெரியாது, முதலாளிக்கு ஹைட்ரோ ரெஸ்ற்றை (தண்ணி நிரப்பி அழுத்திப் பாக்கிறதை) முடிச்சுக் காசை எடுக்கோணும், வெட்டிப் போட்டு அடி எண்டிட்டார். இப்ப என்ர கேள்வி, எப்பிடி வெட்டுறது? துண்டை மட்டும் வெட்டி எடுத்தா திரும்பவும் அதேயளவு வெளிதான வரும்?


பழைய_பிற்றர்:

துண்டை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. எல்போப் பக்கத்து வெல்டை வெட்டு, நேர்ப் பைப் பக்கத்தில துண்டு சேந்த வெல்டோட சேத்து பைப்பிலயும் 200, 250 மில்லி தள்ளி வெட்டு. அப்ப நடுவில வாற வெளிக்கு 300 மில்லிக்குக் கிட்ட ஒரு துண்டு வரும், வெல்ட் எண்ணிக்கை அதே ரெண்டுதான், தூரம் தாராளம். பைப் வெட்டுறதுக்கு முதல் அங்கால பக்கத்தில ஆகக் கிட்டக் கிடக்கிற வெல்ட் எங்க எண்டு அளந்து பார், இஞ்ச தப்பி அங்க போய் ஒரு விட்டத்துக்குள்ள மாட்டுப்படாத. சப்போட் எங்க கிடக்கெண்டும் பார், துண்டைக் கழட்டினவுடன பைப் தொங்கினா பிறகு நேர் எடுக்கேலாது, வெட்டுறதுக்கு முதலே ரெண்டு பக்கமும் செயின் புளொக்கில தாங்கிப் பிடிச்சுக்கொள்.

எல்போதான் கவனம். பட் வெல்ட் எல்போவில நேர்ப் பகுதி எண்டு ஒண்டும் இல்லை, வாயில இருந்தே வளைவு தொடங்குது. அதால எல்போவில இருந்து நிறைய வெட்டினா வாய் சதுரமா வராது, முட்டை வடிவில போகும், பைப்போட சேராது. வெட்டு டிஸ்க்கை எல்போவில வைக்காத, வெல்டின்ர துண்டுப் பக்கமாப் பாத்து வை, பிறகு மிச்ச வெல்டை கிறைண்டரால மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போய் எல்போவின்ர பழைய பெவல் (சரிவு விளிம்பு) தெரியத் தொடங்கினவுடன நிப்பாட்டு. ஒரு ரெண்டு மில்லிக்கு மேல எல்போவில போகாமல் பாத்துக்கொள். ஸ்குயர் வைச்சு நாலு பக்கமும் பார்.


அறிவியல்நகர்_மெக்:

பழைய ஹீட் அபெக்ரட் சோன் எல்போவில மிஞ்சுமே, அதை முழுக்க எடுக்கத் தேவையில்லையோ?


பழைய_பிற்றர்:

தம்பி நீர்தான மேல சொன்னீர் ஏறினா ஒண்டும் வெடிக்காது எண்டு.


கட்டார்_கியூசி:

ஹாஹா. காபன் ஸ்டீல், 6 மில்லித் தடிப்பு, ஒரு தரம் வெட்டி அடிக்கிறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதே இடத்தில திரும்பத் திரும்ப வெட்டி அடிக்கிற நிலை வந்தா புது எல்போ போடுறதுதான் மலிவு.

பேப்பர் வேலையை மறக்காதேங்கோ. வெல்ட் மப்பில (வெல்ட் நம்பர் குறிச்ச வரைபடத்தில) பழைய ரெண்டு நம்பரையும் அடிச்சுவிட்டு புது நம்பர் போடுங்கோ, வெட்டி அடிச்சது எண்டு தெரியிற மாதிரி, பழைய எக்ஸ்றே பிலிமை புது வெல்டுக்குக் காட்டேலாது. நோமல் சேவிஸுக்கு (சாதாரண பாவனை லைனுக்கு) பி31.3 இல 5 வீதம் வெல்டுக்கு எக்ஸ்றே போதும், ஆனா வெட்டி அடிச்ச ரெண்டையும் கட்டாயம் எடுங்கோ, எடுக்க வாற ஆக்கள் கொழும்புப் பக்கம் இருந்துதான வரோணும், வாற நேரம் மிச்சம் ஏதும் இருந்தா அதையும் சேத்து ஒரே வரத்தில முடிச்சிடுங்கோ. ஹைட்ரோ டிசைன் பிறஷரைப்போல ஒண்டரை மடங்கு. வேலை செய்யிற பிறஷர் 10 எண்டு நினைச்சு 15 க்கு ஏத்திப்போட்டு இருக்காதேங்கோ, டிசைன் பிறஷர் எவ்வளவு எண்டு லைன் லிஸ்ற்றில பாருங்கோ, சேஃப்ற்றி வால்வ் செற்றிங்கைப் பாத்து அது கூட வைச்சிருப்பினம்.


கோண்டாவில்_பைப்பர்:

லைன் லிஸ்ற்றில டிசைன் 13 பார் எண்டு கிடக்கு. அப்ப ரெஸ்ற் 19.5. எங்களிட்ட கிடக்கிற கேஜ் 16 பார் மட்டும்தான், வேற தேடோணும்.


பழைய_பிற்றர்:

40 பார் கேஜ் ஒண்டு எடு. கலிபிறேசன் சேர்ட்டிபிக்கேற்றோட எடு, இல்லாட்டி அந்த மனுசன் அதுக்கும் ஒருக்கா கொழும்பில இருந்து வருவார்.